ஆக்‌ஷன் சொல்வதற்கு முன்

ஒரு படம் வெளியாகிவிட்டால் எடிட்டருக்கு நிம்மதி என்று ஒரு காலம் இருந்தது. பிலிம் பெட்டி தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் அழுது புரண்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஓடினால் டைரக்டர் கெட்டிக்காரர். ஓடாவிட்டால் எடிட்டர் சரியாக வெட்டவில்லை. திட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம். இப்போது அந்த நிம்மதியும் போச்சு. நாங்கள் செய்த சீரிஸ் வெளியாகி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கால் நீட்டி உட்கார்ந்து ஒரு வாய் டீ குடிக்கிறேன், ஸ்ட்ரீமிங் கம்பெனியிலிருந்து போன்.

"மேடம், நாலாவது எபிசோடைக் கொஞ்சம் திறக்கணும்."

"திறக்கறதுக்கு அது என்ன அலமாரியா? ரிலீஸ் ஆயிடுச்சும்மா. ஊரே பார்த்துட்டு இருக்கு."

"அதான் மேடம் விஷயமே. பார்க்க மாட்டேங்கிறாங்க."

அந்தப் பெண்ணின் குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். கழுத்தை அறுக்கும்போதும் அந்தச் சிரிப்பு மாறாது. கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். நான் சாப்பிட்டேனா என்று கேட்கிற ஒரே ஆள் அந்தக் கம்பெனியில் அவள்தான். மறுநாள் காலை அவர்கள் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடி அறை, பல் கிட்டித்துப்போகிற குளிர், சுவரில் பெரிய திரை. எங்கள் டைரக்டர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வாய் நிறைய வணக்கம் சொல்லுகிற மனிதர், அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சரி, என்னமோ இருக்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

திரையில் கோடுகள் வந்தன. எட்டு எபிசோடுக்கும் தனித்தனிக் கோடு. எத்தனை பேர் பார்க்க ஆரம்பித்தார்கள், எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனார்கள் என்பதை அந்தக் கோடு காட்டும். மற்றவையெல்லாம் மெல்ல மெல்ல இறங்கின. நாலாவது கோடு மட்டும் நடுவழியில், மாடிப்படியில் கால் தவறினவரைப் போல, தடாலென்று கீழே விழுந்திருந்தது.

"இந்த இடத்துல கிளம்பிடறாங்க மேடம். போனவங்கள்ல பாதிப் பேர் சீரிஸுக்கே திரும்பி வரல."

"எதுக்குக் கிளம்பினாங்கன்னு உன் கோடு சொல்லுமா? அடுப்புல பால் பொங்கியிருக்கும். வாசல்ல யாராவது வந்திருப்பாங்க."

"எல்லார் வீட்டுலயும் அதே இடத்துல பால் பொங்காது மேடம்."

எந்தக் காட்சி என்று கேட்டேன். அவள் தொட்டுக் காட்டினாள். ஆஸ்பத்திரி நடை. பெஞ்சில் ஒரு தகப்பன் காத்திருக்கிறான். டாக்டர் வந்து, மகன் பிழைக்கவில்லை என்கிறார். தகப்பன் எழுந்து டாக்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கி, நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறுகிறான். அந்தத் தகப்பனாக நடித்தவன் என் அண்ணன்.

"முழுசா எடுத்துடலாம்," என்றாள் அவள். "டாக்டர் நடந்து போறாரு, நேரா அடுத்த சீன். வெள்ளிக்கிழமை புதுசை ஏத்திடலாம். மாத்தினதே யாருக்கும் தெரியாது." பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, "அடுத்த சீரிஸுக்கு ஒரு அப்பா கேரக்டர் தேடிட்டு இருக்கோம் மேடம். இதுல நடிச்சவங்களையும் பார்க்கறோம்," என்றாள்.

எட்டு மணி நேரக் கதையில் என் அண்ணனுக்கு இருந்தது அந்த ஒரே காட்சி. அதையும் எடுத்துவிட்டு, இதில் நடித்தவர்களையும் பார்க்கிறார்களாம்.

என் அண்ணனைப் படப்பிடிப்பில் எல்லாரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. மேடை நாடகத்தில் ஆரம்பித்தவன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும் என்று கற்றுக்கொண்டவன். அப்புறம் டிவியில் தினசரித் தொடர்கள். அதுவும் ஒரு விதத்தில் கடைசி வரிசைதான். தொடர் பார்க்கிற பெண்மணி டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்குவாள், துணி மடிப்பாள். அவளுக்குக் காதில் விழுந்தால் போதாது, முதுகிலும் விழ வேண்டும். கோபம் என்றால் வீடு அதிரும்படிக் கோபம். துக்கம் என்றால் பக்கத்து வீட்டுக்காரன் ஓடி வரும்படித் துக்கம். அண்ணன் அதில் வருஷக்கணக்கில் மாமனாராகவும் பெரியப்பாவாகவும் வாழ்ந்தான். பிறகு ஸ்ட்ரீமிங் வந்தது. ஜனங்கள் அவரவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவரவர் மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்கள். தொடர்கள் ஒவ்வொன்றாக மூடின. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிற திரையில் ஒருவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினால் பார்க்கிறவன் என்ன செய்வான்? கட்டை விரலை நகர்த்துவான். தியேட்டரில் டிக்கெட் எடுத்துவிட்ட பாவத்துக்கு உட்கார்ந்திருப்பார்கள். மோசமான காட்சியிலும் சபித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் தியேட்டரில் வாசல் ஓரமாக நின்று, திரையைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்ப்பது என் வழக்கம். யார் நெளிகிறார்கள், யார் இருமுகிறார்கள் என்று பார்ப்பேன். நெளிகிறவனும் கடைசியில் ஒரு இடத்தில் அழுதுவிடுவான். அந்த அவகாசம் இப்போது யாருக்கும் கிடையாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் காட்சியை முதலில் வெட்டினபோதும் தெரியும். ஆனால் வேறு யாரிடமும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பேசிவிடுகிற நான், அண்ணனிடம் மட்டும் வாயைத் திறந்ததில்லை. 'எப்படிடி இருந்துது?' என்று அவன் ஒவ்வொரு தடவையும் முகத்தை நீட்டிக்கொண்டு கேட்பான். 'பிரமாதம்ணா' என்பேன். அவ்வளவுதான் எங்கள் விமர்சனம்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கீழ்வீட்டுத் தம்பதியை உட்காரவைத்து, போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து, தன் காட்சியைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் மரியாதைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கணவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வா வா, நம்ம எடிட்டர் அம்மா வந்துட்டாங்க," என்று என்னை அறிமுகப்படுத்தினான். "இவ கை பட்டா கல்லும் அழும்."

அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கதவை ஒருக்களித்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "உண்மையைச் சொல்லு. இதுல ஏதாவது நடக்குமா?"

"ஏன் அண்ணி?"

"உங்க அண்ணன் எனக்கு வாக்குக் கொடுத்திருக்காரு. இந்த சீரிஸுக்கு அப்புறமும் யாரும் கூப்பிடலேன்னா, என் தம்பி பெயின்ட் கடையில போய் உட்கார்ந்துடறேன்னு. அவனும் காத்துட்டு இருக்கான். நான் சந்தோஷப்படணும்தானே? ஆனா நேத்து தூக்கத்துல வசனம் பேசறாரும்மா. கடையில போட்டு உட்கார வெச்சா இந்த மனுஷன் செத்துப்போயிடுவாரு."

அண்ணி அழவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டேதான் சொன்னாள். காட்சியைத் தூக்குகிறார்கள் என்று அவளிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்தேன், வந்துவிட்டேன்.

மறுநாள் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து, அந்தக் காட்சிக்காக எடுத்ததையெல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஏதாவது ஒரு டேக்கில் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்க மாட்டானா என்று நப்பாசை. ஊஹும். முதல் டேக்கில் கதறினான். இரண்டாவதில் இன்னும் கதறினான். மூன்றாவதில் டாக்டராக நடித்தவர் நிஜமாகவே பயந்துபோய்ப் பின்வாங்குகிறார். தலையில் அடித்துக்கொண்டேன்.

பிலிம் காலத்தில் டைரக்டர் ஆக்‌ஷன் சொல்லுகிற வரைக்கும் கேமராவை ஓடவிட மாட்டார்கள். பிலிம் விலை அப்படி. இப்போது அந்தக் கவலை இல்லை என்பதால் விளக்கைச் சரிபார்க்கும்போதே கேமராவை ஓடவிட்டுவிடுகிறார்கள். எங்களுக்குத் தலைவலி. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் யாரோ குறுக்கே போவதும், யாரோ நாற்காலியை இழுப்பதும் என்று வேண்டாத குப்பை இருக்கும். யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டோம், ஓட்டிவிட்டு ஆக்‌ஷனுக்குப் போய்விடுவோம். அன்று நான் ஓட்டவில்லை. வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். மடியில் துணிப்பை. ஆக்‌ஷன் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. விளக்குக்காரர் ஏதோ சொல்ல, அவன் கொஞ்சம் இந்தப் பக்கமாகத் திரும்புகிறான். பிறகு கேமராவுக்கு இடப்புறம் எதையோ பார்க்கிறான். பார்த்துக்கொண்டே இருக்கிறான். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் ஏதோ ஒன்று ஏறி, நின்று, மெதுவாக இறங்குகிறது. உதட்டோரம் சிரிப்பதற்குப் போய், சிரிக்காமல் நின்றுவிடுகிறது. ஒரு கை, பையின் காதைத் தானாகத் திருகுகிறது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷத்தில் என் அண்ணன் முகத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அதிர்ஷ்டம் பாருங்கள், டாக்டர் வந்து நிற்கிற இடமும் கேமராவுக்கு இடப்புறம்தான். பார்வை பொருந்திவிட்டது. கதறலை அடியோடு எடுத்தேன். டாக்டர் வருகிறார், பேசுகிறார். அவர் முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, அண்ணனின் அந்த முகத்தை அப்படியே விட்டேன். பிறகு காலி பெஞ்ச். அண்ணனுக்கு ஒரு வசனம் இல்லை. ராத்திரி பகலாக அவன் மனப்பாடம் செய்த வசனம் ஒன்றுகூட இல்லை.

அனுப்பினேன். கம்பெனிப் பெண்ணிடமிருந்து வழக்கமான சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், இதை நான் என் ரூம் கதவைச் சாத்திட்டுப் பார்த்தேன்," என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். சத்தம் இல்லை, அறிவிப்பு இல்லை. நேற்று பார்த்தவன் பார்த்தது ஒன்று, இன்று பார்க்கிறவன் பார்ப்பது வேறு. எது அசல் என்று கேட்டால் எடிட்டரான எனக்கே சொல்லத் தெரியாது.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். கோடு நிமிர்ந்தது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டார்கள். 'யாருய்யா இந்த அப்பா?' என்று எழுதினார்கள். ஒரு வரி பேசாமல் கொன்றுவிட்டார் என்று எழுதினார்கள். அடுத்த சீரிஸின் அப்பா வேஷத்துக்கு அண்ணனை நேரில் வரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். நான் ரொம்ப சாமர்த்தியசாலி என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அவர்கள் கூப்பிட்ட மறுநாள் மத்தியானம் அண்ணன் எடிட்டிங் அறைக்கு வந்தான். செருப்பைக்கூட வெளியே விடவில்லை.

"ஒரு வரி பேசாம நடிச்சேனாமே? நான் ஒரு பக்கம் பேசினேனேடி!"

"உட்காருண்ணா."

"எங்க போச்சு என் வசனம்?"

சொன்னேன். கோட்டைப் பற்றிச் சொன்னேன், காட்சியையே தூக்கச் சொன்னதைச் சொன்னேன், குப்பையில் கிடந்த அந்தத் துண்டை எடுத்ததைச் சொன்னேன். ஏன் கிளம்பிப்போனார்கள் என்பதை மட்டும் மென்று முழுங்கினேன். "ஜனங்களுக்குப் பொறுமை இல்லண்ணா, அவ்வளவுதான்," என்றேன்.

"போட்டுக் காட்டு."

போட்டேன். என் அண்ணன் தன் முகத்தைத் தானே பார்த்தான். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னான். பிறகு தொப்பென்று நாற்காலியில் சாய்ந்தான்.

"இது நான் நடிச்சதே இல்ல."

"தெரியும்ணா. அப்போ என்ன பார்த்துட்டு இருந்த? அது தெரியாம மண்டை காயுது எனக்கு."

அவன் மேஜையில் இருந்த பென்சிலை எடுத்து உருட்டினான். எப்போதும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற குரல், அப்போது எனக்கே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்டது.

"அன்னிக்கு நீ வந்திருந்த. ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டுப் போக."

ஆமாம், வந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். எனக்கு அது மறந்தே போய்விட்டது.

"வந்ததும் உனக்கு நாற்காலி போட்டாங்க. ஒருத்தர் குடை கொண்டுவந்து வெச்சாரு. டைரக்டர் உன் பக்கத்துல குனிஞ்சு நின்னு என்னவோ கேட்டுட்டு இருந்தாரு. நீ தலையை ஆட்டற, அவரு எழுதிக்கிறாரு. நான் காலையிலேருந்து அந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன், தண்ணி வேணுமான்னு ஒரு நாய் கேட்கல. உன்னை நான் சைக்கிள்ல வெச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவன். என் தங்கச்சி எப்படி ஆயிட்டா பாருன்னு பெருமையா இருந்துது. சத்தியமா இருந்துது. கூடவே வயிறு எரிஞ்சுது. ரெண்டும் ஒண்ணா." பென்சிலைக் கீழே வைத்தான். "அந்த எரிச்சலைத்தான் நீ வெட்டி ஒட்டி ஊருக்கே காட்டியிருக்க. எல்லாரும் புள்ளை செத்த துக்கம்னு நினைச்சு அழறாங்க."

நான் அந்தத் துண்டை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! நிறுத்தி, ஓட்டி, மறுபடி நிறுத்தி, கண் இமைப்பது வரைக்கும் பார்த்திருக்கிறேன். அந்தக் கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்கு உறைக்கவே இல்லை. "கோபமாண்ணா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"சொல்லிட்டேன், போயிடுச்சு," என்று சிரித்தான். பிறகு முகம் மாறியது. "நாளைக்கு அங்க போனா அதே பார்வை வேணும்பாங்க. எனக்கு அது எப்படி வந்துதுன்னே தெரியாது. வரலேன்னா கதை முடிஞ்சுது, பெயின்ட் டப்பாதான். நீ கூட வாடி. டைரக்டர் பக்கத்துல நல்ல நாற்காலியா பார்த்து உட்காரு. எனக்குத் தெரியற மாதிரி உட்காரு."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் கிளம்பும்போது, காலில் இருந்த செருப்பை வாசலில் தேடிக்கொண்டிருந்தான்.

போனோம். சின்ன ஹால், ஜன்னல்களில் கறுப்புத் துணி, நடுவில் ஒரு ஸ்டூல், எதிரே கேமரா. புது சீரிஸின் டைரக்டர் ஒரு பெண். கம்பெனிப் பெண்ணும் இருந்தாள். எனக்கு நடுவில் நாற்காலி போட்டார்கள். உள்ளதிலேயே நல்ல நாற்காலி.

"வசனம் எதுவும் வேண்டாம் சார்," என்றார் டைரக்டர். "உங்க பையன் வீட்டை விட்டுப் போறான். வாசல் வரைக்கும் பார்க்கறீங்க. அவ்வளவுதான். கேமரா ஓடிட்டே இருக்கும், எப்போ தோணுதோ அப்போ ஆரம்பிங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் நிமிர்ந்து, கால் மேல் கால் போட்டு, உலகத்திலேயே பெரிய எடிட்டர் நான்தான் என்கிற மாதிரி உட்கார்ந்தேன். அவன் முகத்தில் ஒன்றும் வரவில்லை. சொல்லிவிட்டதால் எரிச்சல் நிஜமாகவே போய்விட்டது போலிருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் எனக்காக நின்ற அண்ணனின் முகம்தான் இருந்தது. பாசமான, சோம்பேறியான, ஒன்றுக்கும் உதவாத முகம். பாழாய்ப்போன பாசம், அன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்!

தனக்கு வரவில்லை என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. பயந்துபோனான். பயந்தால் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாதா? புருவம் ஏறியது. கீழுதடு துடிக்க ஆரம்பித்தது. கண்ணை அகல விரித்து, எட்டாத மகனைக் கூப்பிடுவது போல ஒரு கை மேலே போயிற்று. இன்னொரு கை நெஞ்சுக்கு வந்தது. கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டுமே! டைரக்டர் கம்பெனிப் பெண்ணைப் பார்த்தார். அவள் பேனாவை மூடினாள். பேனாவை மூடுகிற அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

முடிந்தது என்று நினைத்தேன். அண்ணியின் முகம் வந்தது. அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை. எழுந்தேனா, உட்கார்ந்தபடியே கத்தினேனா என்பதுகூட நினைவில்லை.

"அண்ணா! ஏன் இப்படி உயிரை வாங்கற? ஓவரா இருக்கு! எப்பவுமே ஓவராத்தான் இருக்கு. அதனாலதான் எல்லாரும் எழுந்து போனாங்க!"

தூக்கிய கை தூக்கினபடி நின்றது. பிறகு மெதுவாக இறங்கி முழங்காலில் உட்கார்ந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வாசல் வரைக்கும் போய்விட்ட யாரையோ பார்ப்பது போலப் பார்த்தான். ஒரு சொல் பேச வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டான். கண்ணில் தண்ணீர்கூட இல்லை. நான் குனிந்துகொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

யாரும் கட் சொல்லவில்லை. கடைசியில் டைரக்டர் எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுதான் சார்," என்றார். கம்பெனிப் பெண் அங்கேயே சொல்லிவிட்டாள்: வேஷம் அவனுக்குத்தான், எட்டு எபிசோடிலும்.

வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். அண்ணன் அண்ணிக்குப் போன் போட்டு, "கிடைச்சிடுச்சு," என்று சொன்னான். அந்தப் பக்கம் அண்ணி சிரித்ததும் அழுததும் எனக்கே கேட்டது. போனைப் பையில் போட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என்னை நடிக்க வைக்கறதுக்காகத்தானே அப்படிச் சொன்ன?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை அவனே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டான். வேஷமும் கிடைத்துவிட்டது, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்லண்ணா. நிஜமாத்தான் சொன்னேன்."

தலையை ஆட்டிக்கொண்டான். கொஞ்ச தூரம் நடந்தோம்.

"எப்போலேருந்துடி உனக்கு அப்படித் தோணுது?"

"நாடகத்துல நடிச்சியே, அப்போலேருந்து. அங்க அது சரியாத்தான் இருந்துது. டிவியிலயும் ஒத்துக்கலாம். அப்புறம்... பார்க்கறவங்க கிட்ட வந்துட்டாங்கண்ணா. நீதான் இன்னும் தூரத்துல இருக்கறவங்களுக்கே நடிச்சுட்டு இருந்த."

"ஒவ்வொரு தடவையும் உன்னைத்தானே கேட்டேன்? வேற யாரைக் கேட்டேன்?"

"சொன்னா நடிக்கறதையே விட்டுடுவியோன்னு பயம். நீ உடைஞ்சுபோறதை என்னால பார்க்க முடியாது."

நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். எரிச்சல் இல்லை, நடிப்பு இல்லை. களைத்துப்போன, வயதான என் அண்ணன்.

"விட்டிருக்க மாட்டேன்டி," என்றான். "திருத்திக்கிட்டிருப்பேன்."

பஸ் வந்தது. அவன் முதலில் ஏறி, ஜன்னலோரத்தில் எனக்கு இடம் பிடித்துவிட்டு, வா என்று கையைக் காட்டினான். எனக்குத்தான் ஏறக் கால் வரவில்லை.